கண்டலுக்கு வேலி, எங்களுக்குக் குழி

போன வருஷம் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சென்னையில் ஓர் ஓடைக்கரை. கரையோரமாகப் போகிற பழைய சாக்கடைக் குழாயை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போடப் போகிறார்கள். ஓடைக்கரை என்பதால் இயற்கைக்குச் சேதம் வராமல் செய்ய வேண்டும், அதற்குத்தான் கூட்டம். திரை கட்டிப் படம் காட்டினார்கள். எத்தனை மரம் இருக்கிறது, ஒவ்வொரு மரத்துக்கும் என்ன எண், எந்த மாசத்தில் எந்தப் பறவை வருகிறது, எந்த மாசத்தில் மண் தோண்டக் கூடாது, எல்லாம் இருந்தது. கண்டல் செடிகளின் வேர் அறுபடாமல் இருக்க, மேலே தோண்டாமல் பூமிக்கடியிலேயே துளை போட்டுக் குழாயை இழுக்கிற மிஷின் வரப்போகிறதாம். சேறு கலங்கி ஓடையில் போகாமல் இருக்கத் துணித் தடுப்பு கட்டுவார்களாம். பொய் சொல்லக் கூடாது, பார்க்க எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

கடைசியில், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள். எழுந்து கேட்டேன். "எல்லாம் சரி சார். புதுக் குழாயைக் கொண்டுபோய், ஓடிக்கினு இருக்கிற பழைய குழாயோட சேக்கணுமே, அந்த எடத்துல குழிக்குள்ள எறங்கப் போறது யாரு?"

மேடையில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "அதெல்லாம் கான்டிராக்டர் பாத்துக்குவார்" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர், "இது சுற்றுச்சூழல் பற்றின கூட்டம், லேபர் பிரச்சினையை வேற எடத்துல பேசிக்கலாம்" என்றார்.

மரத்துக்கு எண் இருக்கிறது, பறவைக்கு மாசம் இருக்கிறது, வேருக்கு மிஷின் இருக்கிறது. குழிக்குள் இறங்குகிற ஆளுக்குப் பேர் கூட இல்லை. அவன் "லேபர் பிரச்சினை". அவன் உடம்பு சுற்றுச்சூழலில் சேராது. அவன் நுரையீரல் இயற்கையில் சேராது. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எங்க நைனா அந்த ஓடைக்கரை லைனில் வேலை செய்தவர். நிரந்தர வேலை கிடையாது. கான்டிராக்டர் கூப்பிட்டால் போகணும், இல்லாவிட்டால் வீட்டில் குந்தியிருக்கணும். 1986-இல் அதே கரையில் குழாய் உடைந்துபோய், உடைந்த துண்டை எடுத்துவிட்டு வேறு குழாய் வைத்துச் சேர்க்கிற வேலை. ராத்திரியில்தான் செய்வார்கள், ஊர்க்காரர்கள் தண்ணீர் கம்மியாகப் புழங்குகிற நேரம். மேல்பக்கத்துக் குழியில் மண் மூட்டைகளை அடுக்கி வரத்தை அடைத்துவிட்டு, மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே, கீழ்க்குழியில் ஆள் இறங்கும். இடுப்பில் ஒரு கயிறு, உள்ளே சாராயம். சாராயம் இல்லாமல் மனுஷன் அதில் இறங்க முடியாது. எங்க சனங்க குடிக்கிறாங்க என்று காறித் துப்புகிற நல்லவர்கள் ஒரே ஒரு தரம் அந்த மூடியைத் திறந்து குனிந்து பார்க்கட்டும்.

அன்றைக்கு முதலில் எங்க பெரியப்பா இறங்கினார். மேல்பக்கம் அடைத்திருக்கிறது, தண்ணீர் வராது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ தண்ணீர் வந்தது. கூடவே வாயுவும் வந்தது. கயிறு ஆடாமல் நின்றதைப் பார்த்து நைனா இறங்கினார். நைனாவை உயிரோடு இழுத்தார்கள். பெரியப்பாவை விடியற்காலையில் எடுத்தார்கள். கேட்டதற்கு, கான்டிராக்டர் நோட்டில் அந்தப் பேரே இல்லை என்றார்கள். பேர் இல்லாத ஆள் எப்படிச் சாவான்? பெரியம்மாவுக்கு ஒரு பைசா வரவில்லை. நைனாவுக்கு அதற்கப்புறம் எந்த வாசனையும் தெரியாது. மல்லிப்பூவும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான்.

குழாய் ஏன் உடைகிறது, ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையின் பாதாள சாக்கடைத் திட்டம் 1910-இல் போடப்பட்டது. 1961-இல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு வெள்ளைக்காரன் வகுத்தது. அப்புறம் கூட்டினார்கள், நீட்டினார்கள், ஒட்டுப்போட்டார்கள். ஊர் அதைவிட வேகமாக வீங்கியது. சாக்கடையில் மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற வாயு வருகிறது. அது குழாயின் மேல்முகட்டில் ஈரத்தில் படிய, அங்கே வாழ்கிற நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் கான்கிரீட்டை மேலிருந்து அரித்துத் தின்கிறது. ஒரு நாள் முகடு இடிந்து விழுகிறது, மேலே ரோடு உள்வாங்குகிறது. ஓடைக்கரையில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால், விரிசல் விட்ட குழாயில் அந்தத் தண்ணீரும் புகுந்து குழாய் நிரம்பி வழிகிறது. வழிந்தது எங்கே போகும்? ஓடைக்குத்தான் போகும்.

கான்கிரீட்டையே தின்கிற வாயு அது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு ஆகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் அடுத்த மூச்சில் விழுகிறான். கான்கிரீட்டுக்கு ஆயுள் எத்தனை வருஷம் என்று என்ஜினீயர் கணக்குப் போடுகிறார். நுரையீரலுக்கு யார் கணக்குப் போட்டார்கள்?

"அதான் சட்டம் வந்துடுச்சே" என்பார்கள். வந்தது. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். 2014 மார்ச் 27-இல் உச்ச நீதிமன்றம், 1993-க்குப் பிறகு சாக்கடையில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. 2025 ஜனவரியில் சென்னை உள்பட ஆறு பெருநகரங்களில் மனிதக் கையால் சாக்கடை சுத்தம் செய்யக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்புகளை வாங்கித் தந்தவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் பாராளுமன்றத்தில் அரசாங்கமே வைத்த கணக்குகளில், 1993 முதல் மலக்குழியிலும் சாக்கடையிலும் செத்தவர்கள் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் நின்றிருக்கிறது. 200 பேருக்கு மேல். சமூகநீதி பேசுகிற மண்ணுக்கு இந்த முதலிடம். பெரியப்பா இந்தக் கணக்கில் கிடையாது. அவர் 1993-க்கு முன்னால் செத்தவர்.

2013 சட்டத்தோடு வந்த விதிகளை எடுத்து மூன்றாம் விதியைப் படியுங்கள். மனிதர்களைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று தொடங்கி, அப்புறம் "தவிர" என்று ஒரு பட்டியல் வருகிறது. மிஷின் போக முடியாத இடத்தில் உடைந்த மூடியை எடுக்க இறக்கலாம். கிணற்றின் அடியில் இருக்கிற மோட்டாரைக் கழற்ற இறக்கலாம். மேன்ஹோலைத் திரும்பக் கட்டவும் குழாயைச் சரிசெய்யவும் இறக்கலாம். 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாயாக இருந்தால், புதிதாகப் போட்ட குழாயைப் பழைய குழாயோடு இணைக்க இறக்கலாம். அதிலும் அடங்காவிட்டால், அதிகாரி காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இறக்கலாம்.

அந்தக் கூட்டத்தில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பழைய குழாயை மாற்றுகிற வேலைதான் சட்டம் திறந்துவைத்திருக்கிற கதவு. அடைப்பு எடுக்க வண்டி வந்துவிட்டது, ரோபோ வந்துவிட்டது என்று பேப்பரில் படம் போடுகிறார்கள். ஓடுகிற குழாயையும் புதுக் குழாயையும் சேர்க்கிற இடத்துக்கு மட்டும் இன்னும் எங்க சாதி உடம்புதான் கருவி. பாதுகாப்பு உடையோடு இறக்கினால் குற்றம் இல்லை என்பார்கள். உடை எங்கே இருக்கிறது? ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. இன்ஸ்பெக்ஷன் வந்தால் வெளியே வரும், போட்டோ எடுத்ததும் உள்ளே போகும்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் ஒன்று கேட்பார்கள். "நமக்கு எதுக்குப்பா கண்டலும் கொக்கும்? அது மேல்சாதிக்காரன் காலையில வாக்கிங் போறதுக்கு." இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1927 மார்ச் 20-இல் பாபாசாகேப் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். நம் அரசியலே தண்ணீரில் தொடங்கியது. இந்த ஓடையில் எங்க அம்மா இறால் தடவியிருக்கிறாள். மடவைக் குழம்பு எங்க வீட்டில் கறி எடுக்க முடியாத வாரங்களின் குழம்பு. ஓடை செத்தபோது முதலில் பட்டினி கிடந்தது நாங்கள்தான், பறவை பார்க்க வருகிறவர்கள் இல்லை. மழை வந்து ஓடை ஏறினால் முதலில் முழுகுவதும் எங்க குடிசைதான். அதனால் ஓடை பிழைக்க வேண்டும், கண்டல் தழைக்க வேண்டும், ஒழுகுகிற குழாயை நாளைக்கே மாற்ற வேண்டும். இதை எல்லாருக்கும் முன்னால் கேட்கிற உரிமை எங்களுக்குத்தான் இருக்கிறது.

ஆனால் "இயற்கைப் பாதுகாப்பு" என்கிற பேரில் எங்களை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடையாறு ஓடையில் 58 ஏக்கரைச் சீர்செய்து 2011-இல் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்த இடத்தில் கண்டல் வைத்தார்கள், பறவைகள் திரும்பி வந்தன. நல்ல வேலை, மறுக்கவில்லை. அதே ஓடைக்கரையில்தான் அண்ணல் அம்பேத்கரின் மணிமண்டபமும் இருக்கிறது. ஆனால் பூங்காவுக்குள் பல வருஷம் நினைத்தபோது யாரும் போய்விட முடியாது, முன்னாடியே பதிவு செய்துவிட்டுத்தான் போகணும். ஓடைக்குள் நடந்து வளர்ந்த பிள்ளைகள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள். கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கிற பகுதி 1877-78 பஞ்சத்தில் வெட்டப்பட்டது. சோறில்லாமல் நகரத்துக்கு வந்த சனங்களை, நிவாரண வேலை என்று சொல்லி மண் வெட்டவைத்துக் கட்டியது. பஞ்சத்தில் முதலில் சோறில்லாமல் போனவன் நிலமில்லாதவன்தான். நிலமில்லாதவன் எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மண்வெட்டி பிடித்தவனுக்குக் கால்வாயில் பங்கில்லை, பேர் மட்டும் பக்கிங்காம் பிரபுவுக்கு. அப்புறம் அதே கால்வாய்க்குள்ளேயே அரசாங்கம் தூண் நட்டு, பறக்கும் ரயிலை 1997-இல் மயிலாப்பூர் வரைக்கும், 2007-இல் வேளச்சேரி வரைக்கும் விட்டது. கால்வாய் நடுவில் தூண் நட்டால் வளர்ச்சி, கரையில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. 2022 மே மாசம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற உத்தரவைக் காட்டிக் கால்வாய்க்கரை வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு பெரியவர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு செத்தார். ஓடைகளும் ஆறுகளும் சுத்தமாக வேண்டும் என்று சொல்லி ஒவ்வொரு அரசாங்கமும் கரைக்குக் கரை நடத்திய காரியத்தின் ஒரு நாள் கணக்கு அது.

பெயர்த்தவர்களை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றின தாழ்ந்த பூமி. ஓர் ஓடையைக் காப்பாற்றுகிறோம் என்று எங்களைத் தூக்கி இன்னொரு நீர்நிலையின் வாயில் போட்டார்கள். அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் நாளைக்கு அதற்கும் வேலி வரும்போது, நீங்கதான் ஆக்கிரமிப்பாளர்கள் என்று திரும்பவும் எங்களைத்தான் கை காட்டுவார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் ஓடையைக் கெடுத்தது யார்? குடிசைக்காரன் கரையில் உட்கார்ந்ததாலா இத்தனை ஆறும் கறுத்தது? அவனுக்கு இணைப்பே கொடுக்கவில்லை, வேறெங்கே உட்காருவான்? பெரிய பெரிய வீட்டின் பீ, பெரிய குழாய் வழியாக வந்து, உடைந்த இடத்தில் ஒழுகி, பம்பு நின்ற நேரத்தில் வழிந்து ஓடையில் கலக்கிறது. குழாய் பூமிக்கடியில் இருப்பதால் அவர்கள் பீ கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்களது மட்டும் தெரிகிறது. இந்த நாட்டில் அசுத்தம் என்பது கண்ணுக்குத் தெரிகிறவனுடைய குற்றம். சாதியும் ஒரு பாதாள சாக்கடைதான். மேலே தார் ரோடு போட்டு மூடிவிட்டு, எங்கே நாறுகிறது என்று கேட்கிறார்கள்.

சூழலியல் நண்பர்கள் என்னிடம் சொல்கிறார்கள்: "முதலில் ஓடையைக் காப்போம், அதற்கப்புறம் உங்கள் பிரச்சினையைப் பேசுவோம்." இந்த "அப்புறம்" எங்களுக்குப் பழகின வார்த்தை. முதலில் சுதந்திரம், அப்புறம் சாதி என்றார்கள். முதலில் வர்க்கம், அப்புறம் சாதி என்றார்கள். இப்போது கொக்கு. நண்பர்களே, உங்களோடு எனக்குச் சண்டை வேண்டாம், ஒரே ஒரு கணக்கை மட்டும் சேர்ந்து பாருங்கள். கண்டல் வேருக்காகத் தோண்டாமல் குழாய் போடுகிற மிஷின் வருகிறது. பழைய குழாய்க்கு உள்ளேயே பிசின் தோய்த்த உறையை நுழைத்து, அங்கேயே இறுகவைத்துப் புதுக் குழாயாக்குகிற முறையும் இருக்கிறது. வேருக்காக இத்தனை யோசித்த பொறியியலுக்கு ஆளுக்காக யோசிக்கத் தெரியாதா? தெரியும். ஊதினால் விரிந்து அடைக்கிற ரப்பர் அடைப்பான்கள் இருக்கின்றன, மேலிருந்தே இறக்கலாம். இரண்டு குழிக்கு முன்னாலேயே சாக்கடையை இறைத்து, தரைமேல் தற்காலிகக் குழாய் போட்டுச் சேருமிடத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விடலாம். கேமரா விட்டு உள்ளே பார்க்கலாம். வாயுமானி வைத்து அளக்கலாம், காற்று ஊதலாம். சேருமிடத்தைப் பக்கத்திலிருந்து திறந்து தோண்டி, காய்ந்த குழியில், வெளிச்சத்தில், மேஸ்திரி நின்று செய்கிற வேலையாக மாற்றலாம். செலவு அதிகம், அவ்வளவுதான். வேருக்கு அந்தச் செலவை எழுதியவர்கள், எங்க ஆளுக்கு எழுதும்போது பேனாவை மூடி வைக்கிறார்கள். ஏனென்றால் எங்க ஆள் மலிவு. சாதி அவனை மலிவாக வைத்திருக்கிறது. அவன் மலிவாகக் கிடைக்கிற வரைக்கும் மிஷின் வராது.

அதனால் நாம் கேட்க வேண்டியவை இவை. மூன்றாம் விதியின் "தவிர" பட்டியலை எடு. அதுவரைக்கும், குழாய் மாற்றுகிற ஒவ்வொரு டெண்டரிலும் மரங்களுக்கு எண் போடுகிற பக்கத்துக்கு முன்னால், இணைப்பு வேலையை எப்படிச் செய்யப் போகிறாய், ஆள் இறங்காமல் இருக்க எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறாய் என்று எழுது. வேலைக்கு வருகிறவர்கள் பேரையெல்லாம் பொதுவில் ஒட்டு, பேர் இல்லாத ஆள் இனிமேல் சாகக் கூடாது. இந்த வேலை தெரிந்தவர்களுக்கு மிஷின் ஓட்டுகிற நிரந்தர வேலை கொடு. கரையில் இருக்கிற குடிசைகளுக்கு அதே புதுக் குழாயிலிருந்து இணைப்பு கொடு. குழாயைச் சாக்காக வைத்து ஒரு வீட்டையும் பெயர்க்காதே. இதையெல்லாம் செய்துவிட்டுக் கண்டலுக்கு வேலி போடு, வேலிக்குக் காவல் நாங்களே நிற்கிறோம்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். அவருக்கு எண்பதாகிறது, காது மட்டும் நன்றாகக் கேட்கும். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"படத்துல எத்தினி லைன் காட்னானுங்க?"

"ஒண்ணுதான் நைனா. கரையோரமா நேரா போவுது."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் சொன்னார்: "பாலத்துக்குக் கெழக்கால, பூவரச மரத்தாண்ட ஒரு பழைய செங்கல் குழி கீது. மூடி மேலயே ரோடு போட்டுட்டானுங்க. தெற்கால இருந்து வர்ற ஒரு லைன் அதுல வந்து சேருது. அன்னிக்கு நாங்க மேல் லைனை மட்டுந்தான் அடைச்சோம். அது வழியாத்தான் வந்துது. உங்க பெரியப்பன் போனது அதுலதான்."

இத்தனை வருஷமாக இதை எங்களிடம் அவர் சொன்னதில்லை.

"அவங்ககிட்ட போய்ச் சொல்லுடா" என்றார். "படத்துல அந்த லைன் இல்லன்னா, தெரியாம எவனாச்சும் எறங்கிடப் போறான்."

மறுநாள் அந்த ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். எழுதினதில் இருந்தது இவ்வளவுதான்: பாலத்துக்குக் கிழக்கே, பூவரச மரத்தடியில், ரோட்டுக்கு அடியில் ஒரு செங்கல் குழி இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் லைன் ஒன்று அதில் சேர்கிறது. 1986-இல் அதில் ஒருவர் இறந்தார். அவர் பேர் இது என்று பெரியப்பா பேரையும் எழுதினேன். வாங்கிக்கொண்ட கிளார்க், "மரத்துக்கு நம்பர் என்ன?" என்று கேட்டார்.